பதினொன்று நாற்பத்திரண்டு

செம்பரம்பாக்கத்தைத் தாண்டும்போது லாவண்யா இருநூற்றுப் பன்னிரண்டாவது படத்துக்கு வந்திருந்தாள். ஆம்புலன்ஸ் குலுங்கும்போதெல்லாம் விரல் வழுக்கி இரண்டு படங்கள் சேர்ந்து நகர்ந்தன. விட்டதைத் திரும்பப் போய்ப் பார்த்தாள். காலடியில் ஐஸ் பெட்டிக்குள் அம்மா தாயம்மாள்.

"இன்னுமா கெடைக்கல? அசோக்கு பேனர் கடைய தொறந்து வச்சிகினு குந்தினு கீறான்," என்றான் பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அண்ணன் வெங்கட். "நாம வெள்ளானூர் போறதுக்குள்ள பேனர் கட்டிடணும். சிரிச்ச மூஞ்சா ஒண்ணு அனுப்பு."

"எங்கிட்ட பொங்கலுக்கு எடுத்தது கீது."

"அது போன்ல எடுத்தது, பெருசு பண்ணா உடைஞ்சிடும். இது கேமரா."

டேப்லெட் அவனுடையது. ஏலகிரியில் மூன்று நாளாகப் புதுக் கேமராவில் எடுத்ததையெல்லாம் அதில் ஏற்றியிருந்தான். நேற்று மதியம் அங்கேதான் அம்மா இறந்துபோனாள். சேதி கேட்டு லாவண்யா ராத்திரியே பஸ் பிடித்துப் போயிருந்தாள். அண்ணி சுரேகாவும் மூன்று வயது ஸ்ரீராமும் பின்னால் காரில் வந்துகொண்டிருந்தார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் இருபத்திரண்டு வருஷம் காய் நறுக்கியவள் அம்மா. மலை ஏறியதே கிடையாது. மகன் கூப்பிட்டதும், "மேகம் கையில படுமாமே, நெஜமாடி?" என்று லாவண்யாவிடம் கேட்டாள். லாவண்யா ஆவடி மார்க்கெட்டில் அவளுக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தாள்.

இதுவரை பார்த்ததில் அம்மா ஒன்பது படங்களில் இருந்தாள். ஒன்றில் பால் புட்டியை நீட்டும் கை மட்டும். ஒன்றில் முதுகும் இரண்டு தோளிலும் பைகளும். சுரேகா பூச்செடியோடு நிற்கும் படத்தின் ஓரத்தில், குழாயடியில் குழந்தைத் துணி அலசிக்கொண்டு பாதி அம்மா. சிவப்பு ஸ்வெட்டர் புல்லில் விரிந்து கிடந்தது. அதன்மேல் ஸ்ரீராம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றான்.

"அம்மாவ தனியா ஒரு படம் எடுக்கலியாண்ணா?"

"போட்டோன்னாலே அது மூஞ்ச திருப்பிக்கும். உனுக்குத் தெரியாதா?"

அவள் அடுத்ததைத் தள்ளினாள். அம்மா முழுதாக இருந்தாள். படகுத்துறைப் படிக்கட்டில் உட்கார்ந்து, வலது கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற சுரேகாவின் தோள் கலங்கலாக விழுந்திருந்தது. கேமரா குறி தவறி, சுரேகாவை விட்டு அம்மாவைப் பிடித்துவிட்டது. நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. கீழ் மூலையில் ஆரஞ்சு எழுத்தில் மணி: பதினொன்று நாற்பத்திரண்டு.

"அம்மாக்கு எப்பண்ணா வலி வந்துச்சு?"

"எத்தினி தபா சொல்றது? ரெண்டு மணி இருக்கும். பேசிகினே இருந்துச்சு, அப்டியே சாஞ்சிடுச்சு. தூக்கினு ஓடினோம்."

டேப்லெட்டை அவன் பக்கம் திருப்பினாள். அவன் பார்க்கும்படியே ஒவ்வொன்றாகத் தள்ளி, மணியை வாய்விட்டுப் படித்தாள். பதினொன்று ஐம்பத்தெட்டு, படகு. பன்னிரண்டு இருபது, குதிரை. ஒன்று பத்து, தட்டில் பஜ்ஜி. எதிலும் அம்மாவின் கைகூட இல்லை.

"வாயு புடிச்சிகிச்சுன்னு சொல்லுச்சு," என்றான் வெங்கட். "சோடா வாங்கி குடுத்தேன். நீங்க போய்ட்டு வாங்கன்னு அதுதான் சொல்லி அனுப்பிச்சு."

"சொல்லும். வேற இன்னா சொல்லும்? கூட்டினு வந்த புள்ளைக்கு செலவு வச்சிட்டோமேன்னு பயந்து கெடந்திருக்கும். உனுக்கு கண்ணு எங்க போச்சு? கேமராவுல கண்ண வச்சிகினுதான நின்ன?"

டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பினார்.

"மெதுவா பேசு," என்றான் வெங்கட். "அண்ணிகிட்ட இத எதும் கேட்டுடாத. கொயந்த வேற பயந்துகினு கீது."

அம்மா இருந்திருந்தால், விட்ருடி, அண்ணன் பாவம் என்றிருப்பாள். லாவண்யா அந்தப் படிக்கட்டுப் படத்துக்குத் திரும்பிப் போய் அதை அசோக்குக்கு அனுப்பினாள்.

பூந்தமல்லி பாலத்தில் ஏறும்போது அசோக் அவள் போனில் கூப்பிட்டான். "இன்னா தங்கச்சி, பக்கத்துல யாரோ தோளு கீது, கீழ டைம் கீது. வெட்டிட்டு பின்னாடி பூ போட்டுடவா?"

"வேணாண்ணே. அப்டியே போடுங்க. ஒண்ணும் வெட்டாதீங்க."

"குடு இப்டி," என்று வெங்கட் கையை நீட்டினான். போனைப் பிடுங்க அவன் பெட்டியின்மேல் கவிழ்ந்தாக வேண்டும். கை பாதியில் நின்றது. மடக்கிக்கொண்டான்.

வெள்ளானூரில் வீட்டு வாசலை ஒட்டி ஆளுயரத்துக்குப் பேனர் கட்டியிருந்தது. அம்மாவை இறக்கி உள்ளே கிடத்தினார்கள். லாவண்யா தலைமாட்டில் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, திரி வாங்கிவரச் சொல்ல வாசலுக்கு வந்தாள்.

"எத்தினி மணிக்குப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் சித்தப்பா உலகநாதன்.

"ரெண்டு இருக்கும் சித்தப்பா. திடீர்னு."

சித்தப்பா பேனரைப் பார்த்தார். உதடு அசைய மூலைவரைக்கும் படித்தார். வெங்கட்டின் முகத்தை ஒருமுறை பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிவிட்டு உள்ளே போனார்.

கேன்டீன் பெண்கள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். மாரடித்துக்கொண்டு முதலில் ஓடிவந்தவள் கண்ணம்மா. வெங்கட் இரண்டடி பின்னால் நகர்ந்து, பேனரின் கீழ் மூலையில், மணி இருந்த இடத்தை மறைத்து நின்றான். அங்கிருந்தே வருகிறவர்களைக் கும்பிட்டான். வெயில் ஏறி நேராக அவன் முகத்தில் அடித்தது. யாரோ பந்தல் நிழலில் நாற்காலி போட்டு, வந்து உட்காரச் சொன்னார்கள்.

"இருக்கட்டும்," என்றான்.