ஜெயசிங் வீட்டு மாடிப்படியில் செருப்புகள்

சங்கரன்கோவிலில் ஜெயசிங் வீட்டு மாடிப்படியில் ஆளில்லாச் செருப்புகள் வந்து சேரத் தொடங்கியது, ஓர் ஆடித்தபசு முடிந்த மறுநாள். முதலில் வந்தது நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. இடது வாரில் ஊக்கு குத்தியிருந்தது. திருவிழாக் கூட்டத்தில் எவனோ விட்டுப் போயிருப்பான் என்று அவர் மனைவி நிர்மலாதேவி அதை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். அடுத்த வாரம் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளைச் செருப்பு கிடந்தது. பிறகு பூட்ஸ். பிறகு, இந்த ஊர் வெயிலிலும் பனி உருகாத கம்பளிச் செருப்பு ஒரு ஜோடி. குப்பையில் போட்டால் மறுநாள் காலையில் அதே படிக்குத் திரும்பி வந்தன.

ஜெயசிங் விசைத்தறிக் கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். மிச்ச நேரத்தில் மாடியில் உட்கார்ந்து ‘கரைப்பூ’ என்றொரு மென்பொருள் எழுதினார். சேலைக் கரைக்குப் பூவும் மயிலும் வரைந்து, தறிக்குத் தோதாக மாற்றித் தரும், காசு கிடையாது. அதன் நிரல் முழுவதும் இணையத்தில் திறந்து கிடந்தது. யாரும் பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம்; சேர்ப்பதும் தள்ளுவதும் ஜெயசிங் பாடு. அவர் பெரும்பாலும் தள்ளினார். கெட்ட மனுஷர் இல்லை. கரண்டு பில் எடுக்க வருகிறவரைக்கூட ‘வாங்க’ என்று கேட்டு, தண்ணீர் கொடுக்காமல் அனுப்பமாட்டார். ஆனால் திரையில் வருகிறவர்களும் வீடு தேடி வந்தவர்கள்தான் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. ‘முதல்ல படிச்சிட்டு வா’, ‘இதுகூடத் தெரியாதா’ என்று ஊர் பார்க்க ஒரு வரி எழுதிக் கதவைச் சாத்துவார். அப்புறம், “ஒத்த ஆளா கெடந்து சாவுதேன், கைகொடுக்க ஒருத்தன் வரமாட்டேங்கான்” என்று நிர்மலாதேவியிடம் புலம்புவார்.

மூன்று வருஷத்தில் படிகள் நிறைந்து, கால்வைக்க இடமில்லாமல் போனது. நிர்மலாதேவி வாளியில் சோறு வைக்க, அவர் மாடியிலிருந்து கயிற்றால் இழுத்துக்கொண்டார். வாசலில் இத்தனை செருப்பைக் கண்டு, தெருவில் போகிறவர்கள் விசேஷ வீடு என்று எட்டிப் பார்த்தார்கள். தொட்டால் செருப்புகள் வெதுவெதுப்பாக இருந்தன, இப்போதுதான் கழற்றிப் போட்டதுபோல. சில சமயம் படியில் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்கும். உள்ளே கூப்பிடட்டும் என்று காத்து நிற்பவரின் செருமல் அது. ஜெயசிங்குக்குப் பயமாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஊரில் புதுத் தறிகள் இறங்கின. அவற்றில் கரைப்பூ ஓடவில்லை. சரிசெய்ய ஒற்றை ஆளால் முடியவில்லை. இத்தனை வருட உழைப்பு கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது.

ஒரு சித்திரை மாத மத்தியானம் கடையநல்லூர் பஸ்ஸிலிருந்து ரூபியா என்ற பெண் வெறுங்காலோடு இறங்கி வந்தாள். பாதம் கொப்பளித்திருந்தது. கரைப்பூவுக்கு ஒரு திருத்தம் அனுப்பி, ஜெயசிங்கிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். படியில் குனிந்து தேடி ஒரு செருப்பை எடுத்தாள்.

“அண்ணாச்சி, இது எஞ் செருப்பு. இன்னைக்கு வாங்குனா நாளைக்குக் காணல. எல்லாம் இங்கனதான் கெடக்கு.”

தங்களுக்குள் எழுதிக் கேட்டுக்கொண்டதில், தள்ளப்பட்ட எல்லோரும், எந்த தேசத்துக்காரரானாலும், வெறுங்காலோடுதான் திரிகிறார்கள் என்று தெரிந்ததாக அவள் சொன்னாள்.

“நாங்க தப்பா அனுப்பியிருப்போம், இல்லேங்கல. ஆனா வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலியே அண்ணாச்சி.”

ஜெயசிங் மாடி வாசலில் நின்றார். “வாங்கம்மா. உள்ள வாங்க.”

ரூபியா செருப்பைக் காலில் போட்டுப் பார்த்தாள். பிறகு அதே இடத்தில் முறையாகக் கழற்றி வைத்துவிட்டு, மற்றவற்றை ஒதுக்கிக்கொண்டு மேலே போனாள்.

இரண்டு பேருமாக உட்கார்ந்து வேலையை மாற்றினார்கள். எங்கே தொடங்குவது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று முதல் பக்கத்திலேயே எழுதினார்கள். சின்னச் சின்னப் பிழைகளைத் தாங்கள் தொடாமல் புதிதாக வருகிறவர்களுக்கென்று விட்டுவைத்தார்கள். தப்பாகவே அனுப்பினாலும் முதல் பதில் ‘வாங்க’ என்றுதான் ஆரம்பிக்கவேண்டும். பழைய ஆட்களுக்கெல்லாம் ஜெயசிங் மன்னிப்புக் கேட்டு எழுதினார். செருப்புகள் ஜோடி ஜோடியாகக் காணாமல் போயின. கம்பளிச் செருப்பு முதலில் போனது, படி மட்டும் ஈரமாக இருந்தது. திரும்பி வந்தவர்கள் கைவைத்ததில் புதுத் தறிகளில் கரைப்பூ ஓடியது.

நீல வார்ச் செருப்பும், அதே அளவில் இன்னும் சில ஜோடிகளும் மட்டும் போகவில்லை. அவை சிவகிரிக் கண்ணனுடையவை. முதன்முதலில் திருத்தம் அனுப்பியவன் அவன்தான். ‘தறியே பாக்காதவன்லாம் எதுக்கு வாரான்’ என்று அவனுக்கு எழுதியிருந்தார். இப்போது எழுதிய மன்னிப்பைப் பார்த்து அவன் அக்கா மாடத்தி போனில் கூப்பிட்டாள்.

“தம்பி மஞ்சக்காமாலைல போயி ரெண்டு வருசம் ஆவுது. கடைசி வரைக்கும் வெறுங்கால்தான். எத்தன செருப்பு வாங்கிக் கொடுத்தாலும் மறுநாள் காணாமப் போயிரும்.”

ஜெயசிங் வாய்விட்டு அழுதார். பிறகு கண்ணனின் பழைய திருத்தத்தைத் திறந்து பார்த்தார். தப்புத்தான். ஒரே ஒரு எண்ணை மாற்றியிருந்தால் சரியாகியிருக்கும். சொல்லிக்கொடுக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அதை மாற்றி, கண்ணன் பேரிலேயே கரைப்பூவில் சேர்த்தார். படியிறங்கி வந்து, நீலச் செருப்பின் முன்னால் நின்று, “வாங்க கண்ணன்” என்று சொல்லி வழிவிட்டு ஒதுங்கினார்.

மற்ற ஜோடிகள் அன்றே மறைந்தன. நீலச் செருப்பு மட்டும் அங்கேயே கிடக்கிறது. நிர்மலாதேவி மாடிக்கு டீ கொண்டுபோகும்போது ஒரு தம்ளர் கூடுதலாக எடுத்துப் போகிறாள். அதுவும் காலியாகத்தான் திரும்பி வருகிறது. வார் அறுந்தால் ஜெயசிங் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கொண்டுபோய்த் தைத்து வருகிறார். புதிதாக வருகிறவர்கள் தங்கள் செருப்பை அதன் பக்கத்தில் விட்டுவிட்டு, மேலே ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்ற தெம்பில் படியேறுகிறார்கள்.