ஜிர்காடாங் தாண்டினால் நிறுத்தம் இல்லை

போர்ட் பிளேரில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் நல்லதம்பி, ஷேர் ஜீப்பின் நடு இருக்கையில் உட்கார்ந்து வலது கையை மடக்கி விரித்துப் பார்த்தார். கை சொன்னபடி கேட்டது. இடது கையும் கேட்டது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. அவருடைய அண்ணனுக்கும் வாதம் வந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் வரை இரண்டு கையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. பிரஷர் மாத்திரையை விட்ட நாற்பதாவது நாள் இடது பக்கம் விழுந்துவிட்டது.

நல்லதம்பியும் மாத்திரையை விட்டவர்தான், ஆனால் முழுசாக அல்ல. வாரத்தில் மூன்று நாள் பாராடாங், ரங்கத் கடைகளில் ஆர்டர் எடுக்கப் போவார். அந்த நாட்களில் மட்டும் போடமாட்டார். காரணம், அது நீரைப் பிரிக்கிற மாத்திரை. விழுங்கிய ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டினாலோ ஜாரவா பழங்குடிகளின் காடு. வண்டிகளெல்லாம் போலீஸ் காவலோடு கான்வாயாக, வரிசையாகப் போகும். மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வரும்வரை ஒன்றரை மணி நேரம் யாரும் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. அந்த மாத்திரைக்கும் இந்தச் சட்டத்துக்கும் ஒத்துவராது.

போன வாரம் டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நூத்தித் தொண்ணூறு! மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" என்றார்.

"தவறாம" என்றார் நல்லதம்பி. எதிரில் இருப்பவனிடம் நம் அவசரத்தைக் காட்டினால் விலை ஏறிவிடும் என்று சின்ன வயதிலேயே கடையில் நின்று படித்தவர். டாக்டர் எதையும் விற்க உட்காரவில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. "அப்ப மருந்து பத்தல" என்று டாக்டர் அளவைக் கூட்டி எழுதிவிட்டார். ஆக, விலை ஏறியேவிட்டது.

அண்ணன் படுத்திருக்கும் கட்டில் கண்ணுக்குள்ளேயே நின்றதால், இன்று முதல்தடவையாகப் பயண நாளிலும் மாத்திரையை விழுங்கியிருந்தார். கூடவே ஒரு சாமர்த்தியம்: நேற்று இரவிலிருந்து தண்ணீரையே தொடவில்லை; மாத்திரையும் எச்சிலோடுதான் இறங்கியது. மாத்திரையும் போட்டாயிற்று, வழியில் இறங்கவும் வேண்டாம். இரண்டு தரப்புக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு.

காட்டின் நடுவில் அவருடைய இடது கெண்டைக்காலை யாரோ ஈரத்துணி போலப் பிழிந்தார்கள். இடது பக்கம்! காதுக்குள் இரைந்தது. முன்னால் போன வண்டி மங்கலாகி, இரண்டாகி, இருட்டுக்குள் போனது.

"அன்பழகா, வண்டிய நிறுத்துப்பா" என்று டிரைவரைக் கெஞ்சினார்.

"சேட், இங்க ருக்னா மனா, நிக்கவே கூடாது. பின்னாடி போலீஸ் வண்டி வருது. லைசென்ஸ் போயிரும்."

"ரெண்டே நிமிஷம். கொஞ்சம் காத்து வாங்கிக்கிறேன்."

"நஹி சேட்."

"ஒரு நிமிஷம். சரி, அரை நிமிஷம்! நீ மெதுவாப் போ, நானே குதிச்சு ஏறிக்கிறேன்."

"இது உங்க பக்கெட் கடை இல்ல சேட், கொறச்சுக் கேக்க."

பக்கத்தில் இருந்த பெண் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். சித்ரா, பாராடாங் சுகாதார நிலையத்தில் நர்ஸ், கட்சால் தீவுக்காரி.

"அண்ணே, சிரிங்க."

"இந்த நேரத்துல என்னம்மா சிரிப்பு?"

"பல்லக் காட்டுங்கன்னா காட்டுங்க."

காட்டினார். வாய் கோணவில்லை. இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னாள். தூக்கினார். சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையை வாங்கிப் படித்தாள்.

"காலையில எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

நல்லதம்பி மாத்திரை அட்டையைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்தார்.

"காப்பி?"

"அதுவும் இல்லம்மா. நேத்து ராத்திரி எட்டு மணிக்கு அரை டம்ளர்."

"உள்ள இருக்கிற தண்ணிய மாத்திரை வெளிய தள்ளுது, நீங்க ஊத்தவே மாட்டேங்குறீங்க. இது வாதம் இல்ல, பிரஷர் கீழ இறங்கிருச்சு. அதான் மயக்கம், அதான் கால் பிடிக்குது. இந்தாங்க." ஒரு லிட்டர் பாட்டிலை நீட்டினாள்.

நல்லதம்பி அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அன்பழகா, இன்னும் எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிட்."

"ஒரு வாய் போதுமாம்மா?"

"முழுசும்."

"பாதி?"

"இங்க மயங்கி விழுந்தீங்கன்னா என்கிட்ட ஊசிகூட இல்ல. மெதுவாக் குடிங்க, ஆனா முழுசாக் குடிங்க. தினமும் ஒழுங்காப் போடுறீங்களா மாத்திரைய?"

'தவறாம' என்ற சொல் பல்வரைக்கும் வந்துவிட்டது. காலை மறுபடி ஒரு பிழி பிழிந்தது. "போடலம்மா" என்றார். வாரத்தில் மூன்று நாள் விட்டது, டாக்டரிடம் புளுகியது, அளவு கூடியது, எல்லாவற்றையும் கொட்டினார். ஜீப்பே கேட்டது.

"கான்வாய்ல போறேன்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கரை சேர்ந்து போடுங்கன்னு நேரத்த மாத்திக் குடுத்திருப்பாரே."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இன்னைக்கே போன் போட்டுக் கேளுங்க."

நல்லதம்பி பாட்டிலைத் தூக்கினார். கடைசிச் சொட்டுவரை குடித்தார். இருட்டு விலகி, மரங்கள் தனித்தனி மரங்களாயின. கால் மெல்ல இளகியது. கால் மணி நேரம் கழித்து, எதற்குப் பயந்தாரோ அது அடிவயிற்றில் தட்டத் தொடங்கியது. அவர் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வேர்த்தது. கேட்காமலே அன்பழகன் இருபது, பத்து, ஐந்து என்று இந்தியில் நேரம் சொல்லிக்கொண்டு வந்தான்: "பீஸ் நிமிட், சேட்… தஸ்… பாஞ்ச்."

படகுத்துறைக் கழிப்பறைக்கு முன்னால் சுற்றுலாக்காரர்கள் பதினைந்து பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். நல்லதம்பி நொண்டிக்கொண்டே ஓடி வந்து, படகுக்கும் கேட்கிற குரலில் கத்தினார்: "பாய்சாப்! பிரஷர் மாத்திரை போட்டிருக்கேன்! பஹுத் அவசரம்!"

முதலில் நின்றவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கதவைத் திறந்து பிடித்தார். நன்றி சொல்ல நல்லதம்பி நிற்கவில்லை.