அன்செல்மோவின் பன்றிக் கத்தி

சவப்பெட்டியில் கிடந்த அப்பா அன்செல்மோவின் விரல்களுக்கு அடியிலிருந்து நெலிடா கத்தியை உருவப் பார்த்தாள். விரல்கள் விட மறுத்தன. ஒவ்வொன்றாக விலக்கி உறையோடு வெளியே எடுத்தாள். சவப்பெட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த அத்தைகள் பாதி ஜெபத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். பண்ணைத் தேவாலயத்தின் ஜன்னலில் அப்போதுதான் வெளுத்திருந்தது.

"வச்சிடு," என்றார் ரொகேலியோ சித்தப்பா. "அது நான் வச்சதில்ல. உங்கப்பன் கேட்டது. என்னோட சேத்துப் பொதைச்சிடுங்க, அவ கைக்குப் போகக் கூடாதுன்னான்."

கத்தியைப் பிரியத்தில்தான் அவரோடு வைத்தார்கள் என்று இரவெல்லாம் நினைத்திருந்தாள். பதினோரு வருஷம் அவளும் வேட்டைக்குப் போயிருக்கிறாள். வண்டி ஓட்டியது அவள். நாய்களைப் பழக்கியது அவள். நகரத்திலிருந்து காசு கொடுத்து வேட்டையாட வரும் விருந்தாளிகளுக்கு எங்கே நிற்க வேண்டும், எப்போது வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். ஆனால் நாய்கள் காட்டுப்பன்றியின் காதைக் கவ்வியதும் அப்பா திரும்பிப் பார்த்து, "நீ வண்டியில இரு" என்பார். அந்த நேரத்தில் யாரும் சுடக் கூடாது, குண்டு நாய் மேல் பாய்ந்துவிடும். வேட்டையை நடத்தும் வழிகாட்டிதான் பின்னால் ஓடிப்போய், பின்னங்காலைத் தூக்கிச் சாய்த்து, முன்னங்காலுக்குப் பின்புறம் கத்தியை இறக்க வேண்டும். அதை மட்டும் அவர் கடைசிவரை அவளுக்கு விட்டுத்தரவில்லை.

இப்போது செத்தும் வண்டியில் உட்காரச் சொல்கிறார். நேற்றிலிருந்து வராத அழுகைக்குப் பதிலாக அவளுக்குக் கோபம் வந்தது.

வெளியே ஹூஸ்டனிலிருந்து வந்த பல் டாக்டர்கள், அண்ணன் தம்பி இருவர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். ஜனவரியிலேயே நாள் குறித்தவர்கள், சாவு தெரியாமல் வந்துவிட்டார்கள். திரும்பிப் போகிறோம் என்று அவர்களே சொன்னார்கள். சித்தப்பாவும் அதையேதான் சொன்னார். பதினோரு மணிக்கு அடக்கம். அது முடிந்ததும் பக்கத்துப் பண்ணை ஹாலிஸிடம் வேட்டைத் தொழிலை மொத்தமாக ஒப்படைத்துவிடப் போகிறாராம். கத்தி பிடிக்க ஆளில்லாத வேட்டைக்கு எவன் வருவான் என்று கேட்டார்.

"வண்டியில ஏறுங்க," என்றாள் நெலிடா, டாக்டர்களைப் பார்த்து.

சித்தப்பா பின்னாலேயே வந்தார். அடக்கத்தன்றைக்கு வேட்டையா, ஊர் காறித் துப்பும் என்றார். துப்பட்டும் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

நூவேசஸ் ஆற்றுப் படுகையில், சீமைக்கருவேலம் அடர்ந்த மேட்டுக்குக் கீழே நாய்கள் ஒரு பன்றியை மறித்துக் குரைத்தன. கழுத்துக்கும் மார்புக்கும் தடித்த கவசம் கட்டியிருந்த கனேலாவை அவிழ்த்துவிட்டாள். பெரிய கனத்த நாய் அது. சப்பாத்திக்கள்ளிப் புதருக்குள் நுழைந்தது. அடுத்த நிமிஷம் பன்றி வீறிட்டது. டாக்டர்களில் தம்பி துப்பாக்கியைத் தூக்கினார். குழலைக் கையால் அமுக்கித் தாழ்த்திவிட்டு நெலிடா ஓடினாள்.

பன்றி அவள் நினைத்ததைவிடப் பெரிது. பின்னங்காலைப் பிடித்ததும் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுழன்றது. முதல் குத்து மேலே போய்த் தோள் எலும்பில் பட்டு வழுக்கியது. அது தலையை உதறியதில் கோரைப்பல் கனேலாவின் தொடையைக் கிழித்தது. நாய் பிடியை விடவில்லை. இரண்டாவது குத்தில் கத்தி பிடிவரைக்கும் இறங்கியது. கைக்குள் அந்த உடம்பு தளர்கிறவரை அவள் விலகவில்லை.

டாக்டர்கள் இருவருமாகச் சேர்ந்து பன்றியைத் தூக்கி வண்டியில் போட்டார்கள்.

தேவாலய வாசலில் ஊரே கறுப்புடையில் நின்றிருந்தது. பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார். சவப்பெட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சித்தப்பா காத்திருந்தார்.

"கத்தி எங்கிட்டதான் இருக்கும்," என்றாள் நெலிடா. "பெட்டிய மூடுங்க."

யாரும் எதுவும் சொல்வதற்குள் கனேலாவை இறக்கி சீமைக்கருவேல மர நிழலில் படுக்க வைத்தாள். முதலில் நாய், அப்புறம் விருந்தாளி, அதற்கப்புறம்தான் நாம் என்பது அப்பாவின் சட்டம். காய்ச்சல் நூற்று மூன்று இருந்தபோதுகூட அவர் அதை மீறியதில்லை. வண்டியில் இருந்த மருந்துப் பெட்டியைத் திறந்து ஊசியையும் நூலையும் எடுத்தாள். முதல் மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. பாதிரியார் ஆளனுப்பினார்.

"அவரையே காத்திருக்கச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க," என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று வந்தவருக்குப் புரியவில்லை. அவள் விரலால் தேவாலயத்துக்குள் இருந்த பெட்டியைக் காட்டினாள்.

சித்தப்பா விறுவிறுவென்று வந்தார். முகம் சிவந்திருந்தது. காயத்தைக் குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றார். ஒரு சாண் நீளம், சதை வெளியே தெரிந்தது. வண்டியில் கிடந்த பன்றியையும் ஒருமுறை பார்த்தார், முன்னங்காலுக்குப் பின்னால் இருந்த குத்தை. பிறகு கோட்டைக் கழற்றிக் கிளையில் போட்டுவிட்டு, புதுக் கால்சட்டையோடு புழுதியில் மண்டியிட்டு, நாயின் தலையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார்.

"தையல இன்னும் கிட்டக் கிட்டப் போடு. உங்கப்பன் அப்படித்தான் போடுவான்," என்றார்.

ஹாலிஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றார். அடக்கத்துக்கு முன்னாலேயே ஒரு வார்த்தை பேசிவிடலாமா என்று கேட்டார்.

"வேட்டை விஷயமா? அவகிட்ட கேளு," என்றார் சித்தப்பா, நிமிராமல். "இப்ப இல்ல. வேலையா இருக்கா."

இரண்டாவது மணி அடித்தது. நெலிடா அடுத்த தையலுக்கு நூல் கோக்கப் பார்த்தாள். ஊசியின் காது தெரியவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி கோக்கப் போனாள், மறுபடியும் தெரியவில்லை. சித்தப்பா நாயின் தலையை விடாமல், வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.