களி தின்றவள் நீந்தினாள்

தட்டில் மலையாய்க் குவிந்திருந்த மரவள்ளிக் களியைப் பார்த்ததுமே தெம்வா பொறியை மோப்பம் பிடித்துவிட்டாள்.

இன்னும் சற்று நேரத்தில் நீச்சல் போட்டி. மலாவி ஏரிக்குள் நிற்கும் கரும்பாறையைத் தொட்டுவிட்டு முதலில் கரையேறுகிறவளின் ஊருக்கே இந்தப் பருவத்தில் பாறையோரம் முதல் வலை. போன வருடம் அந்த உரிமையை லுசுங்கு தட்டிக்கொண்டு போய்விட்டாள். இன்று போட்டியும் லுசுங்குவின் ஊரில். சோறு போடுவது அவளுடைய அம்மா நியாபண்டா.

"சாப்பிடும்மா, வெக்கப்படாதே!" பொரித்த உசிப்பா மீனை அள்ளி வைத்தாள் நியாபண்டா.

வந்த வீட்டில் கை நனைக்காமல் எழுந்தால், 'உன் சோற்றில் விஷம்' என்று சொன்ன மாதிரி. ஊரே திரண்டுவிடும்.

அக்கா புருஷன் லும்பானி காதைக் கடித்தான். "ரெண்டு வாய் வச்சுட்டு எந்திரி கொழுந்தியா. தின்னுட்டு நீந்தினா வயித்த இழுத்துப் பிடிச்சுக்கும். கல்லு மாதிரி முங்கிடுவே."

"யாரு முங்கினதப் பாத்தீங்க அத்தான்?"

"எல்லாரும் சொல்றாங்கல்ல!"

"படகுல களியத் தின்ன கையோட, வலை சிக்கினா குதிக்கிறேனே. அப்ப எங்க போச்சு உங்க இழுப்பு?"

தட்டை வழித்துத் தின்றாள். பிறகு அதை நியாபண்டாவிடம் நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் போடுங்க அத்தை. மீனு பிரமாதம்!"

நியாபண்டாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

லுசுங்கு ஓரமாக நின்றாள். விடிந்ததிலிருந்து அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. அம்மாவின் உத்தரவு.

ஏரிக்கரையில் முரசு! இருவரும் பாய்ந்தார்கள்.

தெம்வாவுக்கு முதலில் உடம்பு கனத்தது. ஏப்பம் வேறு, மீன் வாசத்தோடு. பாறையை லுசுங்குதான் முதலில் தொட்டாள். கரையில் கைகொட்டிச் சிரித்தார்கள்.

திரும்பும்போது தெற்குக் காற்று கிளம்பியது. அலை முகத்தில் அறைந்தது. வயிற்றில் இழுப்பும் இல்லை, பிடிப்பும் இல்லை, திடமாக இருந்தது. வீச்சை நீட்டினாள். முன்னால் லுசுங்குவின் கைகள் துவண்டு தண்ணீரைத் தடவிக்கொண்டிருந்தன.

"என்னடி, தூக்கமா?"

"பசிடி... கண்ணு இருட்டுது."

பின்னால் வந்த துணைப் படகைக் கூவி அழைத்தாள் தெம்வா. லுசுங்குவின் விரல்கள் படகு விளிம்பைப் பற்றும்வரை தாங்கிக்கொண்டாள். அப்புறம் போட்டாள் பாருங்கள், ஒரு நீச்சல்!

தோளில் தூக்க ஓடிவந்த லும்பானியை விலக்கிவிட்டு, தானே நடந்து மணலேறினாள். குலவை காதைப் பிளந்தது.

கரைக்கு வந்த மகளைத் துணியால் போர்த்திக்கொண்டிருந்த நியாபண்டா நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்குப் பாறையோரம் எங்க வலை விழும்," என்றாள் தெம்வா, ஈரம் சொட்டச் சொட்ட. "உங்க படகுகளை ஒதுக்கி வச்சுக்குங்க அத்தை."