ஒன்பதாங்கட்டைக் கடல்

எங்கள் வீட்டில் ஒரு வருடமாக ஒரு சொல்லுக்குத் தடை. ‘கட்டை’ என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சட்டம் போட்டவள் நான்தான்.

இனிப்புநீர் நோய் முற்றிப்போய் என் வீட்டுக்காரர் தங்கராஜுவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பொய்க்கால் மாட்டிக்கொண்டு முதல்முறை மம்பாவ் கடைக்குத் தேநீர் குடிக்கப் போனவரைப் பார்த்து, அவரோடு செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிய ஆறுமுகம், “வாடா கட்டை!” என்று சிரித்தானாம். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பான். இவர் உட்காராமலே திரும்பி வந்தார். அன்றோடு கடை போயிற்று, கோயில் போயிற்று, கல்யாண வீடு போயிற்று. வெயில் கொளுத்தினாலும் வீட்டுக்குள்ளேயே காலை மறைக்கும் நீளச் சிலுவார். வாசலில் யாராவது வந்தால் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வார்.

காய் வெட்டும் கட்டையை நான் பலகை என்று சொல்லப் பழகினேன். அதைவிடப் பெரிய பாடு, ஊருக்கு வழி சொல்வது. மைலைக் கட்டை என்றே சொல்லி வளர்ந்த எஸ்டேட் சனங்கள் நாங்கள். ரெண்டாங்கட்டை, ஏழாங்கட்டை என்றுதான் எங்களுக்கு இடமே தெரியும். இருந்தாலும் சொல்லவில்லை. அவர் லாரி ஓட்டாதது எனக்குப் பெரிதே இல்லை. நாலு பேர் நடுவில் சத்தம் போட்டுச் சிரிக்கிற அந்த மனுஷன் எனக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் என் வழக்கு.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே கேட்டார்.

“மோனா, ஒன்பதாங்கட்டைக்குப் போவோமா?”

தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். ஒன்பதாங்கட்டை என்பது செம்பனைத் தோட்டத்தின் கோடியில், சரிவுக்குக் கீழே கிடக்கும் சின்னக் கடற்கரை. மணலைவிடப் பாறைதான் அதிகம். படி கிடையாது. மரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டும்.

“போர்ட்டிக்சன் போலாமே. காரை விட்டு எறங்குனா கடலு.”

“அங்க சனம் மொச்சிக்கும். இங்க எவன் வரப்போறான்?”

ஆக, கடல் வேண்டும், கண்கள் வேண்டாம். எனக்குக் கோபம்தான். ஆனாலும் வெளியே வருகிறேன் என்கிறாரே, விடுவேனா? என் கொழுந்தன் சசிதரனைக் காரோடு வரச் சொன்னேன். தோட்டத்து மண்பாதை முழுக்க அவன் புலம்பிக்கொண்டே ஓட்டினான்.

“அண்ணி, ஒங்களுக்கு என்ன பைத்தியமா? அண்ணே எப்படி எறங்குவாருலா? நான் முதுகுல தூக்கிக்கிறேன்.”

“தூக்குறதுக்கு நான் என்னடா செம்பனைக் குலையா?” என்றார் இவர். “நீ மேலேயே கெட.”

கயிற்றைப் பிடித்து இரண்டு அடி வைத்ததுமே பொய்க்கால் வழுக்கியது. அவர் கயிற்றை விட்டார். பாறைமேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஊன்றி, பின்பக்கத்தாலேயே ஒவ்வொரு பாறையாக இறங்க ஆரம்பித்தார். பாதி வழியில் ஒரு வேரில் பொய்க்கால் பக்கத்துச் சிலுவார் மாட்டி, முழங்காலிலிருந்து கீழ்வரை டர்ரென்று கிழிந்தது. அதை அவர் சட்டை செய்யவில்லை. கீழே யாரும் இருக்க மாட்டார்கள் என்ற தைரியம்.

கடைசிப் பாறையைத் தாண்டினால், கடற்கரை நிறைய ஆட்கள்! யாரோ டிக்டோக்கில் போட்டிருக்கிறார்கள். கோலாலம்பூர் பிள்ளைகள் பாறைக்கு ஒருவராய் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிழிந்த துணிக்குள்ளிருந்து பொய்க்கால் பளபளவென்று தெரிந்தது. இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். இவர் சட்டென்று பாறைக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

“திரும்பிடலாம் மோனா.”

அவ்வளவுதான், ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது.

“எவன் வூட்டுலயாவது திருடிட்டா வந்தீங்க, ஒளியறதுக்கு? காலத்தானே எடுத்தாங்க, மானத்தையுமா எடுத்தாங்க? ஆமா, கட்டைதான்! கட்டைன்னா கட்டைதான்! இப்ப என்னாங்கிறீங்க?”

என் சட்டத்தை நானே உடைத்துவிட்டேன், அதுவும் ஊரே கேட்கும்படி. கடற்கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் வார்த்தையைத் திரும்ப வாங்க மனம் வரவில்லை.

அவர் என் பைக்குள் கையை விட்டு, மாங்காய் நறுக்க நான் கொண்டுவந்த கத்தியை எடுத்தார். கிழிந்து தொங்கியதையும், நல்ல காலின்மேல் இருந்த சிலுவாரையும் முழங்காலோடு அறுத்தெறிந்தார். பொய்க்காலைக் கழற்றினார்.

“புடி. உப்புத்தண்ணி பட்டா வீணாப் போயிரும்.”

அத்தனை பேர் பார்க்க, கைகளை ஊன்றி நகர்ந்து போய்த் தண்ணீரில் விழுந்தார். அலை அவரைப் புரட்டியது. மறுபடி எழுந்தார். பொய்க்காலை மடியில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களை எல்லாம் நான் திருப்பிப் பார்த்தேன். கண்ணை எடுத்தது அவர்கள்தான்.

கரையேறி வந்து மாங்காயை மிளகாய் உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். கைப்பேசியோடு ஒரு பெண் வந்தாள். பெயர் நிரோஷாவாம்.

“அங்கிள், ரொம்ப இன்ஸ்பையரிங்லா! ஒரு வீடியோ எடுத்துக்கட்டுமா?”

“எடு. எந்த எடம்னு போடுவ?”

“ஹிடன் பீச். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க.”

“ஒளியறதுக்கு இங்க என்னாமா இருக்கு?” என்றார், ஒளிய வந்த மகராசன். “இது ஒன்பதாங்கட்டை. அப்படிப் போடு.” பிறகு வெட்டுப்பட்ட காலைப் படாரென்று தட்டினார். “இது பத்தாங்கட்டை. அதையும் போடு!”

பொய்க்காலை மாட்டிக்கொண்டு ஏறுவது இறங்கியதைவிடக் கொடுமை. உள்ளங்கை இரண்டும் சிராய்த்துவிட்டது. நீட்டின கைகளை எல்லாம் வேண்டாம் என்றார். என் கையை மட்டும் ஒரே ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டார்.

மேலே சசிதரன் அலறினான். “அண்ணே, பாதிச் சிலுவார் எங்க?”

“கீழ கெடக்கு. மம்பாவ் கடைக்கு வுடு.”

“இந்தக் கோலத்துலயா?”

“இந்தக் கோலத்துலதான்.”

கடையில் ஆறுமுகம் இருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்தான். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் கால் வைக்கும் வழியில் பொய்க்காலை நன்றாக நீட்டினார்.

“என்னடா, கூப்புடு.”

“வா... ராஜு.”

“அவன் எவன்டா? நீ வச்ச பேரச் சொல்லிக் கூப்புடு.”

ஆறுமுகம் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே தேநீர் கலக்குகிறவனைப் பார்த்துக் கத்தினான்.

“தே ஓ கோசோங் ஒண்ணு! சீனி போட்றாத, நம்ம கட்டைக்கு!”

என் வீட்டுக்காரர் சிரித்தார். அடுத்த மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. பார்க்கட்டும்.