ஒண்ணுமில்ல, இபு

அன்று காலை ரெத்னானிங்சியைப் பயமுறுத்தியது ஒரு வெற்றுக் கட்டம்.

நாற்பத்தொரு நோயாளிகள், ஆறு வாரச் சொட்டு மருந்து. ஆளுக்கொரு தாள். தாளின் அடியில் 'குறைகள்' என்று ஒரு கட்டம் உண்டு. எரிச்சல், அரிப்பு, மங்கல், தலைவலி, எதுவானாலும் அதில் எழுத வேண்டும். நாற்பத்தொரு தாளிலும் அந்தக் கட்டம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது.

"பாத்தீங்களா, இபு," என்றாள் நர்ஸ் யூலியார்த்தி. ஜாவாவில் மரியாதைக்கு அம்மாவை இபு என்பார்கள், ஐயாவைப் பாக் என்பார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒருத்தர்கூட ஒரு குறை சொல்லல. வெறும் உப்புத் தண்ணிய விட்டாக்கூட நாலு பேராவது எரியுதுன்னு சொல்லுவாங்க."

"அதேதான்," என்றாள் ரெத்னா. "நாலு பேராவது சொல்லியிருக்கணும்."

யூலியார்த்திக்கு அது புரியவில்லை. அரைமணி நேரத்துக்கு முன்புதான் ரெத்னா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்திருந்தாள்.

பதினெட்டு வருஷமாக அவள் முயல்களோடு குடித்தனம் நடத்துகிறாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு செத்து, ஒரு நாள் பார்வையே போய்விடுகிற நோய்க்கு ஒரு சொட்டு மருந்து. அதுதான் அவளுடைய ஆராய்ச்சி, அவளுடைய வேலை, அவள் கணவன் சொல்வதுபோல அவளுடைய மூத்த பிள்ளையும் அதுதான். மருந்து வேலை செய்தது. அழுத்தம் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கியது. ஆனால் ஆறு மாதம் தொடர்ந்து சொட்டு விட்ட பன்னிரண்டு முயல்களில் இரண்டின் விழித்திரையில் இன்று நீர் கோத்த வீக்கம் தெரிந்தது. சின்ன வீக்கம். மனிதக் கண்ணில் அது நட்ட நடுவில் வந்தால் நேர்க்கோடு வளைந்து தெரியும். சீக்கிரம் பிடித்தால் மருந்தை நிறுத்திக் காப்பாற்றலாம். தாமதித்தால் நடுப் பார்வை திரும்பாது.

கண்ணாடித் தகட்டை எடுத்துக்கொண்டு அவள் துறைத் தலைவர் சுதிப்யோவின் அறைக்குப் போனாள். நல்ல மனிதர்தான். எதையும் சிரித்துக்கொண்டே மறுப்பார், அதுதான் அவரிடம் உள்ள ஆபத்து.

"பன்னெண்டுல ரெண்டு முயல், ரெத்னா. இந்தப் பக்கம் நாப்பத்தோரு மனுஷங்க ஒரு குறையும் சொல்லல. நீ யாரை நம்புவே?"

"முயலைத்தான் நம்பத் தோணுது, புரொஃப்."

"நீ பிடிச்ச முயலுக்கு மூணு காலுங்கிறே." அவர் சிரித்தார். "படம் எடுக்கிற பரிசோதனை மூணாம் மாசம் வரத்தானே போகுது? அப்ப பாத்துக்கலாம். திங்கக்கிழமை அடுத்த நூத்தி இருபது பேருக்கு அனுமதி கேட்டுக் காகிதம் போகணும். மத்தபடி எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு, புரொஃப்," என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றபோதுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஜாவாக்காரர்களாகிய எங்களுக்கு இப்படியொரு வியாதி உண்டு, அதற்கு இன்னும் யாரும் சொட்டு மருந்து கண்டுபிடிக்கவில்லை. கேட்டவர் மனம் நோகக் கூடாது. சாப்பிட்டாயா என்றால் பட்டினி கிடக்கிறவனும் இப்போதுதான் ஆயிற்று என்பான். காலை மிதித்தவரிடம் மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்பான். அதிலும் கேட்பவர் வெள்ளை அங்கி போட்டவர் என்றால் கேட்கவே வேண்டாம். இப்படிப்பட்டவர்களிடம் போய், குறை உண்டா என்று கட்டம் போட்டுக் கேட்டிருக்கிறாள். இவளும் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், இவளுக்குத் தெரியாதா? முயல் மரியாதை பார்க்காது. அதனால்தான் அது உண்மையைச் சொல்லிவிட்டது.

தாள்களைப் புரட்டினாள். பதினேழாவது தாளில் கை நின்றது. சுமார்ஜான், அறுபத்து மூன்று வயது, பந்துலில் தையல்காரர். இடது கண் ஏற்கெனவே இருண்டு போனது. ஒற்றைக் கண்காரரைச் சோதனையில் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் அவருக்கு வேறு எந்த மருந்தும் பிடிக்கவில்லை, வலது கண்ணின் அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. விதிவிலக்கு கேட்டுக் கையெழுத்துப் போட்டவள் ரெத்னாதான். அன்று அவர் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் கும்பிட்டது நினைவுக்கு வந்தது.

தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு, யூலியார்த்தியிடம் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் தெற்கே பந்துலுக்குக் கிளம்பினாள்.

சுமார்ஜான் வாசலிலேயே தையல் இயந்திரம் போட்டிருந்தார். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். வெள்ளைச் சட்டையும் சிவப்பு நிஜாருமாகச் சீருடைகள் குவிந்து கிடந்தன. அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தார். எழுந்த வேகத்தில் இடுப்பு மேசை முனையில் இடித்தது. இடித்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"இபு டாக்டரா, இவ்வளவு தூரம்! சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே. துமினா, தேத்தண்ணி போடு."

அவர் மனைவி துமினா இனிப்புத் தேநீரும் பொரித்த சோயாத் தெம்பேயும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் இயந்திரத்துப் பக்கம் உட்கார்ந்து, ஊசி ஊசியாக நூல் கோத்துக் குண்டூசித் திண்டில் வரிசையாகக் குத்தினாள். பத்துப் பன்னிரண்டு ஊசி தயாராக நின்றது. நாற்பது வருஷம் தைத்த மனிதருக்கு எதற்கு இன்னொருவர் நூல் கோக்க வேண்டும்? ரெத்னா தேநீரைக் கீழே வைத்தாள்.

"கண்ணு எப்படி இருக்கு, பாக்?"

"ஒண்ணுமில்ல, இபு. ரொம்ப நல்லா இருக்கு. எல்லாம் உங்க புண்ணியம்."

"மங்கல்?"

"அதெல்லாம் கிடையாது."

"போன வாரம் ஆஸ்பத்திரியில எழுத்து அட்டையக் கடைசி வரி வரைக்கும் படிச்சீங்களாமே."

சுமார்ஜான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். துமினாதான் வெள்ளந்தியாகப் போட்டு உடைத்தாள். "படிக்காம என்ன, இபு? ஒரு வாரமா ராத்திரியும் பகலும் அந்த எழுத்தையே பாடமாச் சொல்லிக்கிட்டு இருந்தாரு. அட்டைய நான் பாத்து எழுதிட்டு வந்தேன். அந்த நர்சுப் பொண்ணு முகம் வாடக் கூடாதாம்."

"ஏய், சும்மா இரு," என்றார் அவர்.

ரெத்னா தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். வேண்டுமென்றே பாம்பு போவதுபோல் ஒரு கோடு இழுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இந்தக் கோடு எப்படி இருக்கு, பாக்?"

"நேரா இருக்கு, இபு," என்றார் சுமார்ஜான் உடனே. "அழகாப் போட்டிருக்கீங்க."

அவர் கண்ணுக்குத் தெரியாமல் சொன்னாரா, அவள் மனம் கோணக் கூடாது என்று சொன்னாரா? இப்படிக் கேட்டு அதைப் பிரித்தறிய முடியாது. இந்த மனிதரிடம் உண்மை கேட்டால் வராது. அதட்டினால் மன்னிப்புத்தான் வரும்.

பிறகுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. மருத்துவரிடம் குறை சொல்ல மாட்டார். ஆனால் தையல்காரர் துணியைப் பற்றிப் பொய் சொல்வாரா?

"பாக், எனக்கு ஒரு உதவி. என் மகனுக்குச் சட்டைத் துணி வெட்டணும். வீட்டுல ஸ்கேல் சரியில்ல. உங்களுதைக் கொஞ்ச நாளைக்குக் குடுப்பீங்களா? நேரான ஸ்கேலாப் பாத்துக் குடுங்க. கோணலா வெட்டிட்டா துணி பாழு."

சுமார்ஜானின் கை மேசைமேல் கிடந்த இரும்பு அளவுகோலுக்குப் போனது. போன கை பாதியிலேயே நின்றது. தன் கடையில் நேராக இல்லாத ஒன்றை இன்னொருவருக்குக் கொடுக்க அவரால் முடியவில்லை.

"இது வேண்டாம், இபு," என்றார் மெதுவாக. "இது வளைஞ்சு போச்சு."

ரெத்னா அதை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஈட்டி மாதிரி நேராக இருந்தது.

"எப்ப வளைஞ்சுது, பாக்?"

"மூணு வாரம் இருக்கும். நடுவுல லேசா வளைஞ்ச மாதிரி இருந்துச்சு. வெயில்ல கெடந்து வளைஞ்சுதோ, பேரன் போட்டு மிதிச்சானோன்னு நினைச்சேன்." அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, இன்னும் விலைச்சீட்டுக் கிழிக்காத வேறோர் அளவுகோலை எடுத்து, முதலாவதன் பக்கத்தில் வைத்தார். "அதான் புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்."

"அது?"

துமினாவின் கையில் ஊசி அப்படியே நின்றது.

"அதுவும் வளைஞ்சுதான் இருந்துச்சு, இபு," என்றார் சுமார்ஜான். "மன்னிச்சுக்கங்க."

ரெத்னா அழக் கூடாது என்று நினைத்தாள், முடியவில்லை. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவார்களா என்பார்கள். இவள் இந்த மனிதரின் கண்ணை விற்றுத் தன் சித்திரத்தை வாங்கப் பார்த்திருக்கிறாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, சின்னச் சீசாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இனிமே இது ஒரு சொட்டுக்கூட வேண்டாம். இப்பவே கிளம்புங்க, கண்ணைப் படம் எடுக்கணும். அழுத்தத்துக்கு அங்கேயே வேற வழி பாப்பாங்க."

"சரியாயிடுமா, இபு?" என்று கேட்டது துமினா.

ஆயிடும் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் இருவர் முகமும் மலரும். "தெரியல," என்றாள் ரெத்னா. "உள்ள வீக்கமிருந்தா அது வத்திப் போகலாம். போகாமலும் இருக்கலாம். மூணு வாரம் ஆயிடுச்சு."

துமினா முகம் மலரவில்லை. சுமார்ஜான் மட்டும் தலையாட்டிவிட்டு, பாதி தைத்த சட்டையை மடித்து வைத்தார். மடிப்பு கோணலாக விழுந்தது.

அவர் சட்டை மாற்ற உள்ளே போனபோது ரெத்னாவின் தொலைபேசி அடித்தது. சுதிப்யோ.

"ரெத்னா, எங்கே இருக்கே? காகிதத்தை இன்னிக்கே அனுப்பிடலாம்னு பாக்கறேன். அந்தப் பந்துல் தையல்காரரைப் பாக்கப் போனியாமே, யூலியார்த்தி சொன்னா. மனுஷன் எப்படி இருக்காரு? எல்லாம் நல்லாத்தானே?"

அவள் வாயில் வார்த்தை தயாராக இருந்தது. ஒண்ணுமில்ல, புரொஃப். பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய வார்த்தை, தானாகவே வரும். மேசைமேல் இரண்டு அளவுகோல்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பையில் இன்னும் நாற்பது பேரின் முகவரி இருந்தது. இதே நேரத்தில் அந்த நாற்பது பேரும் எதை எதையெல்லாம் புதிதாக வாங்கிக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தாள்.

"இல்ல, புரொஃப்," என்றாள். "நல்லா இல்ல."

மறுமுனையில் அவர் சிரிக்கவில்லை. அவள் பதினேழாவது தாளை எடுத்து மடியில் வைத்து, கட்டத்தில் எழுத ஆரம்பித்தாள்.