வானத்தில் இல்லாத குவியல்

கரும்பொருள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதைக் கடந்து வரும் ஒளியை லேசாக வளைத்துவிடும். அதனால் அதற்குப் பின்னாலிருக்கும் விண்மீன் மண்டலங்கள் படத்தில் ஒரு துளி சாய்ந்து தெரியும். லட்சக்கணக்கான சாய்வுகளைச் சேர்த்து, கரும்பொருள் எங்கே குவிந்திருக்கிறது என்று வரைபடம் போடுவதுதான் நெதர்லாந்தின் ஹார்லெமில் ஃபெம்கேயின் வேலை.

அந்த வரைபடத்தில் குழுத் தலைவர் கெர்லோஃப் ஒரு பெரிய குவியலைக் கண்டார். உள்ளே ஒரு நட்சத்திரம்கூட இல்லாத வெறும் கரும்பொருள். யாரும் பார்த்திராதது.

கட்டுரை அனுப்புவதற்குச் சில நாள் முன்பு ஃபெம்கே அவர் அறைக்குப் போனாள்.

"கெர்லோஃப், அது வானத்துல இல்ல, கேமராவுல இருக்கு. படத்தோட அந்த மூலையில, குவியலுக்கு ரொம்ப முன்னாடி இருக்கற நம்ம பக்கத்து நட்சத்திரங்களும் அதே மாதிரி சாயுது. அதுங்க ஒளிய எந்தக் கரும்பொருள் வளைச்சது?"

அவர் பாலாடைக்கட்டி ரொட்டியை மென்றபடி சிரித்தார். "உனக்கு எல்லாமே கோணலாத்தான் தெரியும். சுவத்துல மாட்டின படத்தையே மட்டப்பலகை வச்சுப் பாக்கற ஆளாச்சே நீ!"

"நீங்களே ஒரு தடவ பாருங்களேன்."

"அறிவிச்சுட்டு அப்புறம் திருத்திக்கலாம். கட்டுரையில ரெண்டாவது பேரு உன்னோடது. உன் வேலை நீட்டிப்பும் என் மேசைலதான் இருக்கு."

ஃபெம்கே தன் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. கட்டுரை வெளிவந்ததும் கெர்லோஃப் தொலைக்காட்சியில் பேசினார்; எல்லாருக்கும் கேக் வாங்கி வந்தார். அவளும் ஒரு துண்டு தின்றாள்.

அடுத்த வசந்தத்தில் ஜப்பானியக் குழு ஒன்று வேறு தொலைநோக்கியால் அதே இடத்தைப் பார்த்தது. அங்கே ஒன்றுமே இல்லை.

"கேமராவோட கோணலக் கழிக்கற வடிவத் திருத்தம் முழுக்க ஃபெம்கே பொறுப்பு," என்றார் கெர்லோஃப் குழுக் கூட்டத்தில். "நான் நம்பிட்டேன்."

"நான் உங்ககிட்ட சொன்னேனே!"

"சொன்னியா? அப்ப ஏன் உன் பேரப் போட விட்ட?"

மற்றவர்கள் காபிக் கோப்பைகளைப் பார்த்தார்கள். அவர் சொன்னதிலேயே உண்மையான கேள்வி அது ஒன்றுதான்.

வேலை நீட்டிக்கப்படவில்லை. நீர் வாரியத்தில், வெள்ளம் தடுக்கும் கரைகளின் உயரம் அளக்கும் வேலை கிடைத்தது. ஒரு மழைநாளில் கெர்லோஃப் தொலைபேசியில் கூப்பிட்டார். பக்கத்து நட்சத்திரங்களின் சாய்வைப் பற்றி அவள் முன்பு எழுதியிருந்த கணக்கையே வைத்துத் திருத்தக் கட்டுரை தயாராகியிருந்தது.

"உன் பேரையும் போட்டுடறேன், என்ன?"

"வேண்டாம்."

"இன்னும் கோவமா?"

"இல்ல. உங்க பேருக்குப் பக்கத்துல இன்னொரு தடவ என் பேரு வேண்டாம்."

சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சரியான கட்டுரை அவள் பெயர் இல்லாமல் வந்தது. இன்று யார் ஃபெம்கேயின் பெயரைத் தேடினாலும், முதலில் வருவது அந்தத் தப்பான குவியல்தான்.